செம்புக்குத் துணை எது: வெள்ளீயமா, பல்லேடியமா, வெள்ளியா?

மின்சாரத்தைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை உருப்படியான வேதிப்பொருளாக மாற்றும் வேலையில், மின்முனையாக வைக்கும் தனி உலோகங்களின் குணம் தெரிந்ததுதான். தங்கமும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு தரும். வெள்ளீயமும் பிஸ்மத்தும் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) தரும். ஹைட்ரோகார்பன்களைக் கணிசமாகத் தருவது செம்பு என்று 1980களில் ஜப்பானிய வேதியியலாளர் யோஷியோ ஹோரி காட்டினார். ஆனால் செம்பு எல்லாவற்றையும் கலந்தடித்துத் தரும்: மீத்தேன், எத்திலீன், எத்தனால், கூடவே ஹைட்ரஜன். பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால்தான் துணை உலோகம் தேடுகிறார்கள்.

மலிவான துணை வெள்ளீயம். செம்பு நுண்துகள் மேல் 0.8 நானோமீட்டர் தடிமனில் வெள்ளீய ஆக்சைடு போர்த்தினால், மின்னோட்டத்தில் 93% வரை கார்பன் மோனாக்சைடு ஆக்கப் போகிறது. அதையே 1.8 நானோமீட்டர் ஆக்கினால் ஃபார்மேட்! இவ்வளவு மெல்லிய படலத்தைப் பெரிய மின்முனை முழுக்கச் சீராகப் போடுவது லேசுப்பட்ட வேலையா?

பல்லேடியம் விலை கூடியது, ஆனால் பாடம் அதில்தான் இருக்கிறது. செம்பும் பல்லேடியமும் அணுவுக்கு அணு ஒழுங்காக மாறி மாறி அமைந்தால், ஒற்றைக் கார்பன் பொருள்களே மிகுதி. இரண்டும் தனித்தனித் திட்டுகளாகப் பிரிந்திருந்தால், எத்திலீன், எத்தனால் போன்ற இரட்டைக் கார்பன் பொருள்களுக்குப் போகும் மின்னோட்டம் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. கார்பனும் கார்பனும் இணையச் செம்பு அணுக்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும் போலும். ஆக, எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட எப்படிச் சேர்க்கிறோம் என்பதே பெரிது.

வெள்ளியோ செம்போடு எளிதில் கலக்காது. இங்கே அது நல்லதுக்குத்தான். வெள்ளித் திட்டு ஆக்கும் கார்பன் மோனாக்சைடைப் பக்கத்துச் செம்பு வாங்கி எத்திலீனோ எத்தனாலோ ஆக்கிவிடும்.

அலுமினியத்தையும் விட்டுவிடக் கூடாது: 2020இல் கணினி வழியே சலித்தெடுத்த செம்பு–அலுமினியத்தில், மின்னோட்டத்தில் சுமார் 80% எத்திலீன் ஆக்கப் போனது.

சரி, எதை எடுப்பது? கணக்கைப் பாருங்கள். ஒரு எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான் வேண்டும். கூடவே 12 ஹைட்ராக்சைடு பிறக்கும். அவை 6 கார்பன் டை ஆக்சைடைக் கார்பனேட்டாக்கி விழுங்கிவிடும். எத்திலீனுக்குள் போவது 2 மட்டுமே. அதாவது கால்வாசி. கார்பன் மோனாக்சைடுக்கு 2 எலக்ட்ரான் போதும், பாதியாவது தேறும். எத்திலீன்தான் வேண்டுமென்றால், நான் வெள்ளி மின்முனையில் முதலில் கார்பன் மோனாக்சைடு எடுத்து, அப்புறம் அதை இன்னொரு கலனில் செம்பிடம் கொடுப்பேன். அந்த இரண்டாம் கலனில் கார்பனேட் தொல்லை இல்லை.