சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்கு, கோலாலம்பூர் (கே.எல்.): ரயிலா, பஸ்ஸா, காரா?

மலேசியாவின் கெடா மாநிலத்திலிருக்கும் சுங்கை பட்டாணியிலிருந்து பினாங்குத் தீவுக்கு என்றால் என் ஓட்டு கொமுட்டர் என்னும் உள்ளூர் ரயிலுக்குத்தான். சுங்கை பட்டாணியை விட்டால் தாசேக் குளுகோர், புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் தெங்கா, அப்புறம் பட்டர்வொர்த், அவ்வளவுதான். இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் பஸ் நிலையமும் பெர்ரித் துறையும் பக்கத்திலேயே. பெர்ரியில் 2021 முதல் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிள் ஏறலாம். அக்கரையில், தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில், இறங்கி நடந்தாலே லிட்டில் இந்தியா வந்துவிடும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

காரில் போனால் நெடுஞ்சாலை டோல், பாலத்து டோல், சாயங்கால நெரிசல், ஜார்ஜ் டவுனில் இடம் தேடிச் சுற்றல். ஆனால் போகும் இடம் தீவின் தெற்கேயுள்ள பாயான் லெப்பாஸ் என்றால் கதை வேறு. விமான நிலையத்துக்கோ அங்குள்ள தொழிற்சாலைக்கோ போகிறவர் பட்டர்வொர்த்தில் இறங்கி, கடல் தாண்டி, மறுபடி பஸ் பிடித்துப் போவது வீண் அலைச்சல். 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் வழியாகக் காரில் போய்விடலாம்.

கே.எல். பயணத்தில் போட்டி இன்னும் கடுமை. இ.டி.எஸ். என்னும் விரைவு மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். சுமார் நாலரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல், வெளியே வந்தால் நம்மவர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ். பஸ் பெரும்பாலும் நகருக்குத் தெற்கேயுள்ள டி.பி.எஸ். பஸ் நிலையத்தில் இறக்கிவிடும், அங்கிருந்து நகருக்குள் போக இன்னொரு ரயில் ஏற வேண்டும். வயதானவர்களைக் கூட்டிப் போனால் ரயில்தான்; கழிவறைக்காக ஓட்டுநரிடம் கெஞ்ச வேண்டாம். ஒரே குறை, தீபாவளி நெருங்கினால் இருக்கை கிடைக்காது. கடைசி நேரத்தில் கிளம்புகிறவரைக் காப்பாற்றுவது ராத்திரி பஸ்தான். சால்வை மறக்காதீர்கள், ஏர்கண்டிஷன் அப்படி.

எல்லாம் சரி, நிலையத்துக்கு எப்படி வருவது? புக்கிட் செலம்பாவ், பீடோங் பக்கத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. தண்டவாளம் பீடோங் வழியாகவே போனாலும் கொமுட்டர் அங்கே நிற்பதில்லை. வடக்கே அடுத்த நிறுத்தம் குருண். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களும் பெட்டியோடு கிரேப் வாடகைக் காருக்குத்தான் காத்திருக்கிறார்கள். ராத்திரி கடைசி ரயிலில் வந்து இறங்கினால் தோட்டத்துக்குப் போக டவுன் பஸ்ஸை நம்ப முடியாது. டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டில் யார் மோட்டார் சைக்கிளோடு வருவார்கள் என்று கேட்டு வையுங்கள்.