பத்தியோடு ஒட்டி ஓடும் தலைப்பு: சிஎஸ்எஸ்ஸில் எந்த வழி தேறும்?

ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையில் ஆய்வுக் கட்டுரை எழுதியவர்களுக்கு இந்த வகைத் தலைப்பு பழக்கமானது. அதன் 7ஆம் பதிப்பில் 4, 5ஆம் நிலைத் தலைப்புகளுக்குத் தனி வரி கிடையாது. தடித்த எழுத்தில் தலைப்பு, ஒரு முற்றுப்புள்ளி, அதே வரியில் பத்தி தொடங்கிவிடும். அச்சில் இது சாதாரணம். வலைப்பக்கத்தில்தான் வம்பு.

வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இதற்கென்றே ஒரு வழி இருந்தது: டிஸ்ப்ளே: ரன்-இன். 1998இல் வந்த சிஎஸ்எஸ்2இலேயே உண்டு. தலைப்புக்கு அதைக் கொடுத்தால், அடுத்த பத்தியின் முதல் வரிக்குள் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாரும் திட்டித் தீர்த்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்கூட 8ஆம் பதிப்பில் இதை ஆதரித்தது! ஆனால் ஃபயர்பாக்ஸ் சேர்க்கவே இல்லை, குரோமும் 2014இல் 32ஆம் பதிப்போடு தூக்கிவிட்டது. இனி அதை நம்பி எழுத முடியாது.

பலரும் அடுத்து எடுப்பது ஃப்ளோட்: லெஃப்ட். தலைப்பை இடப்பக்கம் ஒதுக்கி, பத்தியை அதைச் சுற்றி ஓடவிடும் வழி இது. சின்னத் தலைப்பு, ஒரே எழுத்தளவு என்றால் பார்க்க நன்றாகவே இருக்கும். தலைப்பு கொஞ்சம் பெரிதானதும் இரண்டின் பேஸ்லைனும் (எழுத்துகள் உட்காரும் கோடு) விலகி, ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நிற்கும். லைன்-ஹைட்டை (வரி உயரம்) தட்டித் தட்டிச் சரிசெய்யலாம்; எழுத்துரு மாறினால் மறுபடி முதலிலிருந்து. இதைவிடப் பெரிய தொல்லை நீளமான தலைப்பு. செல்போன் திரையில் அந்தப் பெட்டி முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டு பத்தியைக் கீழே தள்ளிவிடும். ‘ஒருங்கிணைப்பாளர்களுக்கான வழிகாட்டுதல்கள்’ என்று தலைப்பு வைக்கிற நமக்கு இது அடிக்கடி நடக்கும். பெட்டிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கும் ஃப்ளெக்ஸில் பேஸ்லைன் சரியாகும், ஆனால் பத்தி தலைப்புக்கு அடியில் திரும்பி வராது. கிடைப்பது இரண்டு நிரல்கள், நாம் கேட்டது அதுவல்ல.

பத்திக்குள்ளேயே, எழுத்தைத் தடித்துக் காட்டும் ஸ்ட்ராங் டேக் போட்டுவிட்டால்? கண்ணுக்கு அச்சு அசலாக இருக்கும். ஆனால் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரில் தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிப்பவருக்கு அங்கே தலைப்பே இல்லை. சரி, 4ஆம் நிலைத் தலைப்புக்கான எச்4ஐயே பத்திக்கான பி டேக்குக்குள் வைப்போம் என்றால் அதுவும் நடக்காது. எச்4ஐக் கண்டதும் பிரவுசர் பி டேக்கை மூடிவிடும்.

என் ஓட்டு டிஸ்ப்ளே: இன்லைனுக்குத்தான், அதாவது வரிக்குள்ளேயே சொற்களைப் போல ஓடவிடுவது. தலைப்புக்கு மட்டும் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள் நிறைய. பத்தி இன்னும் பிளாக்காக (தனிப் பெட்டி) இருந்தால் அது புது வரியில்தானே தொடங்கும்? தலைப்பை ஒட்டி வரும் முதல் பத்தியையும் இன்லைன் ஆக்க வேண்டும். எச்4 + பி என்ற செலக்டர் போதும். பேஸ்லைன் தானாகப் பொருந்தும், நீளத் தலைப்பும் வரி முடிவில் சொற்களாக உடைந்து ஓடும். கோப்பைச் சுருக்கும் மினிஃபையர் டேக்குகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தின்றுவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், தலைப்புக்கு வலப்பக்கம் அரை எம் (எழுத்தளவில் பாதி) மார்ஜின் கொடுத்துவிடுங்கள்.

செலவும் உண்டு. இன்லைனில் மேல், கீழ் மார்ஜின் எடுபடாது. ஒரே பத்தி உள்ள பகுதி முடிந்ததும் அடுத்த தலைப்பு அதே வரியில் வந்து ஒட்டும். ஒவ்வொரு பகுதியையும் ஒரு செக்‌ஷன் டேக்கில் பொதிந்து, மார்ஜினை அதற்குக் கொடுத்தால் இரண்டும் தீரும். எச்டிஎம்எல்லில் கை வைக்க முடியாதவர்கள் தலைப்பின் முன்னால் சிஎஸ்எஸ்ஸே உள்ளடக்கம் சேர்க்கும் இடமான பிஃபோரில் ஒரு வரிமுறிவைச் செருகுவார்கள். அதில் ஒரு கோளாறு: முந்தைய பகுதியில் ஒரே பத்தி என்றால் வெறும் வரி மாற்றம்தான் கிடைக்கும், பல பத்திகள் என்றால் ஒரு முழு வெற்று வரியே விழும்.