மஞ்சீஸ் முதல் சுர்ப்பி வரை: நாய்க்குக் கடிக்கக் கொடுப்பதில் எது தேறும்?

பெட் ஷாப்பில் மஞ்சீஸ் கேட்டால் பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். உங்கள் நாய் எத்தனை கிலோ, நிதானமாகக் கடிக்குமா, அவசரமாக விழுங்குமா என்று கேட்கிற கடை அபூர்வம். கடிக்கிற பண்டம் வாங்கும்போது அந்த இரண்டு கேள்விதான் முக்கியம். ஒரு குச்சி நாயின் வாய்க்குப் போன முதல் கால்மணி நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வம்பெல்லாம் கடைசி இரண்டு அங்குலத்தில்தான். பாதங்களுக்கு நடுவே நிற்காமல் வழுக்குகிற அளவுக்குச் சிறுத்ததும், நாய் அதை அப்படியே முழுங்கிவிடும். அதனால் கடையில் கிடைக்கிற ஒவ்வொன்றையும் இங்கே அது எப்படி முடிகிறது என்பதை முதன்மையாக வைத்து எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் மஞ்சீஸ். பலர் இதை ஏதோ மாவுப் பண்டம் என்று நினைக்கிறார்கள். இது மாட்டுத் தோல். சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலை இரண்டு அடுக்காகப் பிளப்பார்கள். மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போகும். கீழ் அடுக்கைக் கழுவி, பல இடங்களில் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்து, சுருட்டியோ முடிச்சுப் போட்டோ உலர்த்தினால் மஞ்சீஸ். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உள்ளவர்களுக்குச் சுண்ணாம்புக் குழி என்றாலே வாடை நினைவுக்கு வரும். அந்தக் குழியிலிருந்து வருகிற தோலை எவ்வளவு நன்றாகக் கழுவினார்கள் என்பதில்தான் இந்தப் பண்டத்தின் தரம் இருக்கிறது. பாக்கெட்டில் அது எழுதியிருக்காது. 2017 ஜூனில் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனம் பல பெயர்களில் விற்ற தோல் மெல்லுபண்டங்களைத் திரும்பப் பெற்றது. கருவிகளைச் சுத்தம் செய்யும் குவாட்டர்னரி அமோனியம் கிருமிநாசினியைச் சில ஆலைகள் தோலைப் பதப்படுத்தவே பயன்படுத்தியிருந்தன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புதுப் பாக்கெட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க மூழ்கவிடுங்கள். காலையில் பார்த்தால் பென்சில் போல இருந்தது விரல் தடிமனுக்கு உப்பி, சுருள் பிரிந்து, வழவழவென்று கையில் நழுவும். பிரித்து விரியுங்கள். நல்ல சரக்கு என்றால் ஒரே தாளாக விரியும், தண்ணீர் லேசாகப் பழுப்பேறியிருக்கும், ஈரத்தோல் வாடை மட்டும் வரும். மட்டமான சரக்கு கந்தல் கந்தலாகப் பிரியும். துண்டு துக்கடாவை ஒட்டிச் சுருட்டியிருப்பார்கள், தண்ணீர் பால் போல் வெளுத்திருக்கும், மூக்கைத் துளைக்கிற மருந்து நெடி அடிக்கும். அந்த பாக்கெட்டை அப்படியே குப்பையில் போடுங்கள்.

இந்தச் சோதனையின் இன்னொரு பாடம் அந்த உப்பல். கடைசித் துண்டை நாய் முழுங்கினால் இரைப்பையில் நடப்பதும் இதுதான். செரிக்க நாளாகிற ஒரு வழவழத் துண்டு பெருத்து, குடலின் குறுகிய இடத்தில் போய் உட்காரும். சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஆகவே மருத்துவரிடம் போகும்போது "மஞ்சீஸ் தின்றது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, மலம் கழிக்காமை, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பாகத்தைத் தூக்கி நிற்பது இவையெல்லாம் அடைப்பின் அறிகுறிகள். காலைவரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

எங்கள் தீர்ப்பு: பென்சில் போன்ற மெல்லிய சுருள் மஞ்சீஸ் எந்த நாய்க்கும் வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரே தாளில் சுருட்டிய பெரியதை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் கடிக்கவிட்டு எடுத்துவிடுங்கள். நாயின் வாய் அகலத்துக்குச் சிறுத்துவிட்டால் அது மீதியில்லை, குப்பை. பிடுங்கினால் உறுமுகிற நாயாக இருந்தால் கையை நீட்டாமல், வேறொரு ருசியான துண்டைத் தள்ளி நின்று காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். பறிக்கப் போனால் அவசரத்தில் விழுங்கிவிடும்.

அடுத்த வரிசையில் எருமைக் கொம்பு, குளம்பு, மான் கொம்பு, வேகவைத்துப் புகையூட்டிய எலும்பு. "மாசக்கணக்கில் வரும்" என்று கடைக்காரர் சொல்வது உண்மை. தேயாதது எதுவோ அது பல்லைத் தேய்க்கும், இல்லாவிட்டால் உடைக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். லேசாகக்கூடப் பதியவில்லை என்றால் அது நாய்ப்பல்லுக்கு மிஞ்சிய கடினம். பெரும்பாலும் உடைவது மேல்தாடையில் கண்ணுக்குக் கீழே இருக்கும் பெரிய கடைவாய்ப்பல். வெளிப்பக்கம் ஒரு சில்லு ஓடு பெயர்ந்த மாதிரி கழன்று வரும். நாய் வலியைக் காட்டிக்கொள்ளாமல் மறுபக்கம் மென்று சாப்பிடும். பல நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே வீக்கம் வரும்போது பூச்சி கடித்தது என்று நினைத்து மஞ்சள் பூசுவார்கள். உண்மையில் அது அந்தப் பல்லின் வேரில் கட்டிய சீழ். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். பிடுங்குவதும் வேர்ச் சிகிச்சை செய்வதும் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

வேகவைத்த எலும்பு இன்னும் மோசம், ஊசி ஊசியாகச் சிலும்பும். சிக்கன் குழம்பு எலும்பு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். பாக்கெட்டில் அடைத்து விற்கிற எலும்புப் பண்டங்களால் நோயுற்ற நாய்களைப் பற்றித் தனக்கு ஏறக்குறைய 68 புகார்கள் வந்ததாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் எச்சரித்தது. சுமார் 15 நாய்கள் இறந்ததாக அவற்றில் தகவல் இருந்தது. கறிக்கடையில் கேட்டு வாங்கும் நல்லி எலும்பு வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு, அதை அறுத்து எடுக்க வேண்டிய நிலையும் வருவதுண்டு.

சுர்ப்பி, அதாவது இமயமலைப் பாலாடைக் கட்டி, இப்போது பெரிய ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. யாக் பாலையோ பசும்பாலையோ காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் கட்டிப் பாரம் வைத்துப் பிழிந்து, கட்டையாக வெட்டிப் பல வாரம் உலர்த்துவது. சேர்மானத்தில் பால், எலுமிச்சைச் சாறு, உப்பு தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. நகச் சோதனையில் இதுவும் தேறாது, அதை மறைக்க முடியாது. ராட்வைலர், லாப்ரடார் போலக் கடைவாயில் வைத்து நெரிக்கிற நாய்க்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முன்பல்லால் சுரண்டி, நக்கி ஊறவைத்துத் தின்னும் நாய்க்கு நல்ல பண்டம். இதன் பெரிய நன்மை முடிவில்தான் இருக்கிறது. இரண்டு அங்குலத்துக்குச் சிறுத்ததும் எடுத்து, ஐந்து நிமிடம் தண்ணீரில் போட்டு, மைக்ரோவேவில் அரை நிமிடம் வையுங்கள். பொரி போல உப்பவில்லை என்றால் இன்னும் சில விநாடிகள். உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும், முழுதாக ஆறவிட்டுக் கொடுத்தால் மொறுமொறுவென்று கடித்துத் தின்னும். கடைசித் துண்டை ஆபத்தில்லாத தீனியாக மாற்ற வழியுள்ள பண்டம், கடையில் இருப்பவற்றில் இது ஒன்றுதான். பால் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

சிக்கன் ஜெர்க்கி, அதாவது உலர்த்திய கோழிக்கறித் துண்டு, மென்மையானது. பல்லுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் எங்கே செய்தது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2007-லிருந்து 2015 கடைசிவரை, பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த ஜெர்க்கி தின்ற நாய்களைப் பற்றி எஃப்.டி.ஏ.வுக்கு வந்த புகார்களில் 6,200-க்கும் மேற்பட்ட நாய்கள் நோயுற்றதாகவும், 1,140-க்கும் மேற்பட்டவை இறந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. காரணம் உறுதியாகப் பிடிபடவே இல்லை. சிலவற்றில் சிறுநீரகக் குழாய்கள் பழுதாகி, ரத்தச் சர்க்கரை சரியாக இருக்கும்போதே சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. ஜெர்க்கி தின்கிற நாய் திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்து நிறையச் சிறுநீர் கழித்தால் உடனே நிறுத்திப் பரிசோதியுங்கள். ஜெர்க்கியை வீட்டிலேயே செய்யலாம். எலும்பில்லாத நெஞ்சுக்கறியை அரை செ.மீ. தடிமனில் நீளவாக்கில் வெட்டி, உப்பு, மஞ்சள், மசாலா எதுவும் போடாமல், உள்சூடு 74 டிகிரி வரும்வரை ஆவியில் வேகவைக்க வேண்டும். பிறகு ஓவனில் 65 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தினால் போதும். வேகவைக்காமல் நேராக உலர்த்தினால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி சாகாது, வெயிலில் காயப்போடுவதும் அதே தவறுதான். வாரத்துக்கு மேல் வைப்பதாக இருந்தால் ஃப்ரீசரில் வையுங்கள்.

பல்லுக்கென்று விற்கும் டெண்டல் ஸ்டிக் ஒரு மாவுப்பண்டம். வளைத்தால் வளைய வேண்டும், நாயின் எடைக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும். பெடிக்ரீ டெண்டாஸ்டிக்ஸ் 5–10 கிலோ, 10–25 கிலோ, 25-க்கு மேல் என்று பிரித்து வருகிறது. பெரிய நாய்க்குச் சின்னதை வாங்கிக் காசை மிச்சம் பிடித்தால் ஒரே வாயில் போய்விடும், பல்லில் படவே படாது. பல்லில் காரை படிவது குறைவதாகச் சோதனை முடிவுகளைக் காட்டிய பண்டங்களுக்கு வி.ஓ.எச்.சி. என்ற கால்நடைப் பல்மருத்துவ அமைப்பு முத்திரை தருகிறது. இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே தயங்கினால் அந்த முத்திரை உள்ளதை எடுங்கள்.

இதில் யாரும் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. நாயின் எடையைக் கிலோவில் எடுத்து, அதை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி (10 × 10 × 10 போல), கால்குலேட்டரில் இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்குங்கள். பத்துக் கிலோ நாய்க்கு 394 வரும். கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்கினால் ஒரு நாளைக்கு 630 கலோரி. நொறுக்குத்தீனி எல்லாம் சேர்ந்து இதில் பத்தில் ஒரு பங்கு, 63 கலோரிதான். மாவில் செய்த 25 கிராம் குச்சி ஒன்றே 75 கலோரி அளவு. ஐந்து கிலோ பொமரேனியனுக்கு இடம் 37 கலோரி, அதைப் பத்து கிராம் தேங்காய்ச் சில்லு ஏறக்குறைய முடித்துவிடும். குச்சி கொடுக்கிற நாளில் சோற்றைக் குறைக்க வேண்டும்.

இந்த வரிசையில் நாங்கள் முதலிடம் தருவது தின்னவே முடியாத ஒன்றுக்கு: உள்ளே தீனி அடைக்கும் ரப்பர் பொம்மை. காங் என்ற பெயரில் வருவது பழையது. இரண்டு பக்கமும் துளை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஒரே துளை உள்ளதில் காற்று வெற்றிடம் உண்டாகி நாக்கு மாட்டிக்கொள்ளும். குழைந்த சோறு இரண்டு கரண்டி, புளிக்காத தயிர் ஒரு கரண்டி, வெந்த கேரட் கொஞ்சம். உப்பும் தாளிப்பும் கூடாது. அடைத்து நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சித்திரை வெயிலில் நாய்க்கு அரைமணி நேர வேலை. பீநட் பட்டர் தடவுவதாக இருந்தால் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லை என்று உறுதி செய்யுங்கள். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே அதன் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கும். ரப்பரில் துண்டு பெயர ஆரம்பித்ததும் பொம்மையை மாற்றிவிட வேண்டும்.

நம் அடுப்படியில் வெங்காயமும் சாக்லேட்டும் ஆகாது என்பது இப்போது பலருக்குத் தெரியும். பாயசத்தில் போடுகிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலம் என்று இப்போது மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது, புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானது மருத்துவ இதழில் பதிவாகியும் இருக்கிறது. எனவே குழம்புச் சோறு, ரசச் சோறு மிச்சத்தை நாய்த் தட்டில் ஊற்ற வேண்டாம். மாங்காய் சீசனில் கொட்டையையும், கடித்துப்போட்ட மக்காச்சோளக் கதிரையும் எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள். இரண்டும் குடலை அடைப்பதில் மஞ்சீஸுக்குக் குறைந்தவை அல்ல.

கடைசியாக அன்றாட உணவு. பாக்கெட்டில் முழுமையான சமச்சீர் உணவு என்று இருக்கிறதா, துணை உணவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். துணை உணவை மட்டுமே போட்டு வளர்த்தால் குட்டிக்குச் சுண்ணாம்புச்சத்து எட்டாது. ஈர உணவில் 8 சதவீதப் புரதம் என்று இருப்பதைப் பார்த்துக் குறைவென்று ஒதுக்காதீர்கள். ஈரம் 80 சதவீதம் என்றால் மிச்சமிருக்கும் 20-ல் 8, அதாவது 40 சதவீதம்.

இருபது கிலோ மூட்டையைப் பிரித்துவைத்து அரைக் கிலோ, ஒரு கிலோவாக நிறுத்துக் கொடுக்கும் லூஸ் உணவு வேண்டவே வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த மூட்டையில் கொழுப்பு சிக்குவாடை பிடிக்கும், பூஞ்சை கட்டும். மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு நாயின் கல்லீரலைக் கெடுப்பது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட ஒரு உணவோடு தொடர்புடையதாக 110-க்கும் மேற்பட்ட நாய்களின் சாவு பதிவானது. அங்கே உடனே நிறுத்த முடிந்ததற்குக் காரணம் பையில் இருந்த பேட்ச் எண். லூஸில் வாங்கியதற்கு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. ஒரு மாதத்தில் தீருகிற அளவுப் பையாக வாங்கி, டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் இறக்கி மூடிவையுங்கள். பை காலியான பிறகும் இரண்டு வாரம் அந்த லேபிள் பகுதியை வெட்டி எடுத்து வைத்திருங்கள். நாய்க்கு வாந்தியும் கண் மஞ்சளும் வந்தால் மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.