கெட்டி ஆயிலா, தண்ணி ஆயிலா? டெல்டா வண்டிகளுக்கு எது பொருந்தும்

"நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்." தஞ்சாவூரிலிருந்து வேதாரண்யம் வரை எந்தப் பட்டறையில் வண்டியை நிறுத்தினாலும் இந்தப் பேச்சு காதில் விழும். ஆனால் ராஜஸ்தானில் 45 டிகிரிக்கு மேல் கொளுத்தும்போதும், அதே ஸ்ப்ளெண்டருக்குக் கம்பெனி எழுதிக் கொடுப்பது அதே 10டபிள்யூ-30 என்ற தண்ணி ஆயில்தான். டெல்டாவில் ஆயிலைக் கெடுப்பது வெயிலைவிடத் தண்ணீர், சேறு, குறுந்தூர ஓட்டம் ஆகிய மூன்றும்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த எண்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எப்படி இருக்கும் என்பதற்கான எண். 10டபிள்யூவை மைனஸ் 25 டிகிரியிலும், 20டபிள்யூவை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் பக்கத்தில், எந்த ஆயிலும் உறைந்து வண்டி கிளம்பாமல் போகாது. பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டித்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு இது), 40 என்றால் 16.3-க்குள், 50 என்றால் 21.9-க்குள். அதாவது, சூடான இன்ஜினில் 50-ஆம் நம்பர் ஆயில் 30-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கெட்டி.

பைக்குக்கு: 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50

100 சிசி வண்டிகளில் ஆயில் ஓடும் துளைகள் சிறியவை. காலையில் கிக்கரை உதைத்ததும் ஆயில் மேலே ஹெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அதுவரை அங்கே வால்வை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் ராக்கரும் காய்ந்தபடி உராய்கின்றன. 10டபிள்யூ-30 சீக்கிரம் ஏறும். 20டபிள்யூ-50 அதற்கு நேரம் எடுக்கும், இன்ஜினும் கொஞ்சம் இறுக்கமாகச் சுழலும், மைலேஜும் சற்றுக் குறையும். "கெட்டி ஆயில் ஊத்துனா சத்தம் குறையுது" என்பது உண்மைதான். தேய்ந்த இடைவெளியை கெட்டி ஆயில் மூடி வைப்பதால் குறைகிற சத்தம் அது. தேய்மானம் அங்கேயேதான் இருக்கிறது.

பல்சர் 150-க்கு 20டபிள்யூ-50, யூ.சி.இ. இன்ஜின் (இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் இருப்பது) புல்லட்டுக்கு 15டபிள்யூ-50 என்று கம்பெனியே கேட்கிறது. அந்த இன்ஜின்களின் இடைவெளியும் பம்பும் அதற்கேற்றவை. அதில் 10டபிள்யூ-30 ஊற்றுவதும் தவறே.

கெட்டி ஆயிலுக்கு மாற ஒரே ஒரு நேரம் உண்டு. வண்டி நன்றாக ஓடித் தேய்ந்து, பிஸ்டன் ரிங் தளர்ந்து, மாதம் 100, 150 மில்லி ஆயில் குறைந்து, நீலப் புகையும் வருகிறது என்றால், 30-லிருந்து 40-க்கு ஒரு படி ஏறலாம். ரிங்கும் வால்வு சீலும் மாற்றும்வரை அது தாங்கும், அவ்வளவுதான். நேரே 50-க்குத் தாவ வேண்டாம்.

அளவு பார்ப்பதிலும் ஒரு பிழை நடக்கிறது. ஸ்ப்ளெண்டர் வகையில் அளவுக் குச்சியைத் துடைத்து, மரையில் திருகாமல் துளையின் மேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிட அதிகம் காட்டும், குறைவான ஆயிலிலேயே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை நிறுத்தி மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள்.

எம்.ஏ.வா, எம்.பி.யா?

நம்பரைவிட இது முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. அவற்றுக்கு வழுக்காத ஆயில் வேண்டும். டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர முத்திரை) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருந்தால் பைக்குக்கு. ஆக்டிவா போன்ற ஸ்கூட்டரில் கிளட்ச் வெளியே காய்ந்த அறையில் பெல்ட்டோடு இருப்பதால், உராய்வு குறைந்த எம்.பி. போதும், மைலேஜுக்கும் நல்லது. ஸ்கூட்டரில் எம்.ஏ. ஊற்றினால் பெரிய சேதமில்லை. பைக்கில் எம்.பி.யையோ கார் ஆயிலையோ ஊற்றினால், ஆக்சிலேட்டரைத் திருகும்போது இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பாலத்து ஏற்றத்தில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போது முதலில் தெரியும். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று மாற்றிவிட்டு, மறுபடி அதே ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

ஆக்டிவாவுக்கு முக்கால் லிட்டருக்கும் குறைவாகவே பிடிக்கும். "மிச்சம் எதுக்கு" என்று 900 மில்லி டப்பாவைக் கவிழ்த்தால், அதிகப்படி ஆயில் நுரைத்து, இன்ஜின் மூச்சு விடும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும்.

மினரலா, சிந்தெடிக்கா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலென்சர் வழியாகப் போய்விடும், கொஞ்சம் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். இன்ஜின் இருபது நிமிடம் சூடாக ஓடினால் அது ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து வயலுக்கு 2 கிலோமீட்டர், டீக்கடைக்கு 1 கிலோமீட்டர் என்று ஓடும் வண்டியில் ஆவியாக நேரமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெளிர் மஞ்சளில், மோரில் மிதக்கும் வெண்ணெய் மாதிரி பிசுக்கு ஒட்டியிருக்கும். அது தண்ணீரும் ஆயிலும் கலந்தது.

வேதிமுறையில் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயில், கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் மினரல் ஆயிலைப் போலச் சூட்டில் எளிதில் சிதையாது, நீண்ட நாள் தாங்கும். திருச்சி, தஞ்சாவூர் சாலையில் தினமும் போய்வருகிறவருக்குக் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. ஆனால் தண்ணீர் கலந்தால் அதுவும் கெட்டுத்தான் போகும். ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு, ஒருமுறை சிந்தெடிக் ஊற்றி 6,000 கிலோமீட்டர் ஓட்டுவதைவிட, மினரல் ஆயிலை 2,500-க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் மழைக்காலம் முடிந்து தை மாதம் ஒருமுறை கட்டாயம். ஸ்ப்ளெண்டர் வகை இன்ஜினில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, கம்பிச் சல்லடையும் சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் கிண்ணமும்தான். அழுக்கு வெளியேற ஆயிலை வடிப்பதுதான் முக்கிய வழி.

டிராக்டர், அறுவடை இயந்திரம்

இங்கே போட்டி 20டபிள்யூ-40 சி.எஃப்.-4-க்கும் 15டபிள்யூ-40 சி.ஐ.-4-க்கும். இரண்டும் சூட்டில் ஒரே 40. வித்தியாசம், ஆயிலின் தரத்தைச் சொல்லும் அந்த எழுத்துகளில் இருக்கிறது. சி.எஃப்.-4 தொண்ணூறுகளின் தரம், சி.ஐ.-4 2002-இல் வந்தது. டீசல் கரியைத் திரளவிடாமல் மிதக்கவைப்பதில் பின்னது மேல். பழைய தண்ணீர் மோட்டார் இன்ஜினுக்கு சி.எஃப்.-4 போதும். ரோட்டவேட்டர் போட்டுத் தொழி அடிக்கும் (சேற்றுழவு செய்யும்) டிராக்டருக்கு சி.ஐ.-4 வாங்குங்கள். புகைப்போக்கியில் டீசல் கரி ஃபில்டர் உள்ள புது வண்டிகளுக்கு இரண்டும் ஆகாது, சாம்பல் குறைந்த சி.கே.-4 வேண்டும். இல்லையென்றால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

சூடு உண்மையாகவே தொல்லை தருவது அறுவடை இயந்திரத்துக்குத்தான். சம்பா அறுவடையில் பெல்ட் வண்டி (சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால், 250 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் ஆயில் 25 நாளில் முடிந்துவிடும், மாதக் கணக்கு உதவாது. வைக்கோல் தூசி ரேடியேட்டர் சல்லடையை மூடும்போது சூடு ஏறுகிறது. அதற்கு ஆயிலைக் கெட்டியாக்குவதில் பயனில்லை, சல்லடையை நாளுக்கு இரண்டு முறை ஊதிவிட வேண்டும்.

ஆயில் பிரேக் (பிரேக் தகடுகள் ஆயிலில் மூழ்கியிருப்பது) டிராக்டரில் பின்பக்க கியர் பெட்டிக்கு, பிரேக்குக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்துத் தயாரித்த டிராக்டர் ஆயில் மட்டுமே. மலிவாகக் கிடைக்கிறது என்று 90 அல்லது 140 கியர் ஆயில் ஊற்றினால், பிரேக் அதிர்ந்து அலறும், தகடு வீணாகும். தொழி முடிந்ததும் அந்தப் பெட்டியின் அளவுக் குச்சியையும் இழுத்துப் பாருங்கள். அச்சில் சுற்றிய வைக்கோலும் நைலான் கயிறும் சீலை அறுத்திருந்தால் ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கும்.

தண்ணீர் கலந்ததா என்று சந்தேகம் இருந்தால், சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புத் தகட்டில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. கடுகு தாளிப்பது போலப் படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அமைதியாகப் புகைந்தால் இல்லை.

வெள்ளத்தில் மூழ்கிய பைக்

செல்ஃபைத் தொடாதீர்கள், கிக்கரையும் உதைக்காதீர்கள். முதலில் ஆயிலை முழுதாக வடியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரையும் பெட்ரோலையும் மாற்றுங்கள். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, மலிவான 20டபிள்யூ-40 மினரல் எம்.ஏ. ஊற்றி, ஓட்டாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு வடியுங்கள். காபி நிறம் போகும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள், பெரும்பாலும் இரண்டு முறை போதும். பிறகு வண்டிக்குரிய ஆயிலை ஊற்றி, 500 கிலோமீட்டரில் அதையும் மாற்றுங்கள். மூன்றாவது முறை வடிக்கும்போதும் காபி நிறத்திலேயே வந்தால், கிளட்ச் பக்க மூடியைத் திறந்து சுத்தம் செய்தே ஆக வேண்டும்.