இறுகிப்போன சஸ்பென்ஷன் போல்ட்: எண்ணெயா, சூடா, வாளா?

பழைய காரின் சஸ்பென்ஷன் போல்ட் அசைய மறுத்தால், கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் அது எங்கே பிடித்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். நட்டே கழலவில்லை என்றால் துரு மரையில் இருக்கிறது. நட்டு கழன்ற பிறகும் போல்ட் வெளியே வராமல், திருப்பினால் ரப்பரோடு முறுக்கிக்கொண்டு, விட்டதும் பழைய இடத்துக்கே திரும்புகிறதா? அப்படியானால் போல்ட் நுழையும் ரப்பர் உருளையான புஷ்ஷுக்குள் இருக்கும் எஃகுக் குழலோடு போல்ட்டின் தண்டு ஒட்டிப்போயிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மரைப் பிடிப்புக்கு முதலில் எண்ணெய். செலவு குறைவு, போல்ட்டையும் நட்டையும் கெடுக்காது. ஆனால் நேரம் கேட்கும். முந்தைய நாளே கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்துவிட்டு, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயைப் பலமுறை அடித்து ஊற விடுங்கள். அடித்த ஐந்தாவது நிமிடத்தில் ஸ்பேனரை மாட்டுவது எண்ணெயை வீணாக்குவதுதான்.

அடுத்தது விசை. சாக்கெட் மாட்டிய நீண்ட கைப்பிடிக் கம்பி தொடர்ந்து முறுக்குகிறது. இம்பாக்ட் ரெஞ்ச் சின்னச் சின்ன அடிகளாகத் தருகிறது. துருவை உடைப்பதில் அடிகளே மேல் என்பது என் கருத்து. கம்பிக்கும் ஒரு பலம் உண்டு: கைக்கு உணர்வு தெரியும். போல்ட் ரப்பர்போல இழுபடத் தொடங்கினால் அது முறியப்போகிறது. அங்கேயே நிறுத்தி, சற்று இறுக்கி, மறுபடி தளர்த்திப் பாருங்கள். எதைப் பயன்படுத்தினாலும் ஆறு முனை சாக்கெட்டே வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை எளிதில் உருட்டிவிடும்.

சூடு இவற்றைவிட வலிமையானது. போல்ட்டை விட்டுவிட்டு நட்டைச் சூடாக்க வேண்டும். அது விரியும்போது துருவின் பிடி உடைகிறது. எரிவாயுச் சுடர் மலிவு. ஆனால் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், அச்சின் ரப்பர் உறை எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரின் அருகே சுடரைக் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் ஊறிய இடமும் தீப்பிடிக்கும், துடைத்துவிட்டே பற்றவையுங்கள். மின்சாரத்தால் சூடாக்கும் இண்டக்ஷன் சுருள் விலை அதிகம் என்றாலும், சுருளுக்குள் இருக்கும் உலோகத்தை மட்டும் சுடரில்லாமல் சூடாக்கும். நெருக்கமான இடத்தில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். சிவக்கச் சூடான போல்ட் தன் உறுதியை இழந்திருக்கும், திரும்பப் போடாதீர்கள்.

சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்குள் வெல்டிங் செய்த நட்டு என்றால் அவசரம் ஆகவே ஆகாது. வெல்டிங் விட்டு நட்டு உள்ளே சுழலத் தொடங்கினால், சப்ஃபிரேமில் துளை வெட்டித்தான் அதைப் பிடிக்க முடியும். அங்கே எண்ணெயும் மிதமான சூடும், நிறைய பொறுமையும்.

புஷ் குழலில் ஒட்டிய போல்ட்டுக்கு என் தீர்ப்பு வாள். சுத்தியலடி சில தடவை பார்க்கலாம். அசையாவிட்டால் தொடர வேண்டாம், போல்ட்டை இருபுறமும் பிடித்திருக்கும் உலோகத் தாங்கி வளைந்துவிடும். புஷ்ஷுக்கும் தாங்கிக்கும் இடையில் இருபுறமும் மின்வாளால் அறுத்தால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் ஆர்ம் தனியே வந்துவிடும். புஷ் போய்விடுமே என்பார்கள். பழைய காரில் அது எப்படியும் மாற்ற வேண்டியதாகத்தான் இருக்கும். புது போல்ட்டையும் புஷ்ஷையும் கையில் வைத்துக்கொண்டே வாளை எடுங்கள். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். ஆர்மின் மேல் ஸ்பிரிங் அமர்ந்திருந்தால் அதன் அழுத்தத்தை முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

திரும்பப் பூட்டும்போது புது போல்ட்டின் தண்டில் ஒட்டிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லப் பூசுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில்தான் முழுமையாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட்டைச் சரிபார்த்துவிடுங்கள்.