வேலை போனால் எந்தப் பணம் கைக்கு வரும்? இலங்கையின் ஈபிஎப், ஈடிஎப், பணிக்கொடை: ஒரு மதிப்பீடு

2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. பிறகு கட்டட வேலைகள் நின்றன, ஆடைத் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்தன. நாட்டில் வேலையின்மைக் காப்புறுதி என்று எதுவும் இல்லை. தனியார் துறை ஊழியருக்கு இருப்பவை ஊழியர் சேமலாப நிதி (ஈபிஎப்), ஊழியர் நம்பிக்கை நிதியம் (ஈடிஎப்), பணிக்கொடை ஆகிய மூன்றும்தான். வேலை இழந்தவர் கண்ணால் பார்த்தால் இவற்றின் தரவரிசை தலைகீழாகிவிடும். மூன்றில் பெரியதான ஈபிஎப்தான் அவருக்கு ஆகக் குறைவாக உதவுகிறது.

ஈபிஎப்பிலிருந்தே தொடங்கலாம். ஊழியர் 8%, தொழில்தருநர் 12%. மாத உழைப்பு 50,000 ரூபாய் என்றால் 4,000மும் 6,000மும் சேர்ந்து 10,000 ரூபாய் கணக்கில் விழவேண்டும். இந்த வீதம் அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் உரியதல்ல. வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், தரகு, துண்டுக்கூலி எல்லாம் கணக்கில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு மட்டும் சேராது. அடிப்படைக்கு மட்டும் கட்டிவிட்டு மிச்சத்தை 'அலவன்ஸ்' என்று பிரித்துக் காட்டுவது பழைய தந்திரம். சம்பளச் சிட்டையை ஒருமுறை கூட்டிப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

கட்டும்போது இத்தனை ஒழுங்காக இருக்கும் நிதி, எடுக்கும்போது கதவைச் சாத்திவிடுகிறது. ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தரமாக வெளிநாட்டில் குடியேறுவது, நிரந்தர இயலாமை, ஓய்வூதியமுள்ள அரச பணி, திருமணத்தின் காரணமாகப் பெண் வேலையை விடுவது என்று சில காரணங்கள்தான் உண்டு. 'கொம்பனி மூடிவிட்டது' என்பது காரணமே அல்ல. 2022இல் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். வேலை விசாவில் கட்டாருக்கோ குவைத்துக்கோ போவது குடிபெயர்வு ஆகாது என்பதால் அவர்களின் பணமும் உள்ளேயேதான். பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் மீதியும் உள்ளவர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30% வரை எடுக்கலாம், அதுவும் 20 லட்சத்துக்கு மேற்படாமல். அடுப்பு எரிய வைப்பதற்கு அதில் இடமில்லை.

பூட்டிய பணம் உள்ளே என்ன ஆனது? நிதியின் மிகப் பெரும் பகுதி திறைசேரி முறிகளில் இருக்கிறது, அதாவது அரசுக்குக் கொடுத்த கடன். 2023 ஜூன் 29 முதல் ஜூலை 3 வரை வங்கிகள் ஐந்து நாள் மூடியிருக்க, இடையில் ஜூலை 1ஆம் தேதி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வங்கிகளிடம் இருந்த முறிகளைத் தொடவில்லை. ஓய்வுகால நிதிகளிடம் மட்டும், பழைய முறிகளைக் கொடுத்துப் புதியவற்றை வாங்குங்கள், இல்லாவிட்டால் வருமானத்துக்கான வரி 14 வீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். விருப்பத் தெரிவு என்று அதற்குப் பெயர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈபிஎப் வட்டி 2022க்கு 9%, 2023க்கு 13%, 2024க்கு 11%. 2022 தொடக்கத்தில் 10 லட்சம் இருந்தால் 2024 முடிவில் ஏறத்தாழ 13 லட்சத்து 67 ஆயிரம். கொழும்பு விலைச்சுட்டியின்படி விலைவாசி 2022 டிசம்பரில் ஆண்டுக்கு 57.2%, 2023 டிசம்பரில் 4% ஏறி, 2024 டிசம்பரில் 1.7% இறங்கியது. 10 லட்சத்துக்கு வாங்கிய அதே சாமான் 2024 முடிவில் 16 லட்சத்துக்கு மேல். 2023, 2024 வட்டி நல்லதுதான், ஆனால் 2022இல் விழுந்த பள்ளத்தை அது மூடவில்லை.

ஈடிஎப் இதற்கு நேரெதிர். தொழில்தருநர் மட்டும் 3% கட்டுகிறார். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் கழிக்கக்கூடாது. 50,000க்கு 1,500 என்பதால் தொகை சிறியது. ஆனால் வேலையை விட்டாலே கேட்கலாம், வயது பார்ப்பதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் எடுக்கலாம் என்பதே கட்டுப்பாடு. ஆகவே வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழித்தவர் உண்மையில் வேலை போகும் நாளில் வெறுங்கையோடு நிற்பார். அடுத்த வேலை தயாராக இருந்தால் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

பணிக்கொடை சுலபமான கணக்கு. 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், வருடத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். எட்டு வருடம், 50,000 சம்பளம் என்றால் 2 லட்சம். விலகி 30 நாளுக்குள் தரவேண்டும்.

இந்த மூன்றுக்கும் வெளியே பெரிய தொகை ஒன்று உண்டு. பலர் அதைக் கையொப்பத்தால் இழந்துவிடுகிறார்கள். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆட்குறைப்புச் செய்யும், 15 பேருக்குக் குறையாத நிறுவனம், ஊழியரின் எழுத்துமூலச் சம்மதத்தையோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியையோ பெறவேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆணையாளர் வழங்கும் நட்டஈடு முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்த ஒன்பது வருடத்துக்கு இரண்டு மாதம், பிறகு படிப்படியாகக் குறையும். உச்சவரம்பு 25 லட்சம். அதே எட்டு வருட ஊழியருக்கு 18.5 மாதம், அதாவது 9 லட்சத்து 25 ஆயிரம். பணிக்கொடையின் நாலு மடங்குக்கும் மேல்.

'உங்களுக்கு நல்லது, இராஜினாமா என்று எழுதித் தாருங்கள்' என்று மனிதவளப் பிரிவு இனிமையாகக் கதைப்பது இதற்காகத்தான். விருப்ப விலகல் என்று கையொப்பமிட்டால் அது சம்மதமாகிவிடும். நிறுவனம் தரும் கடிதத்தை வாங்கி வைத்துவிட்டு, இராஜினாமா எழுதாமல், தொழில் அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. ஒப்பந்தக்காரர் மூலம் வேலைசெய்பவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நிதிப் பணத்தைக் கேட்கும் விண்ணப்பங்கள் இழுபடுவது சில்லறைக் காரணங்களால். அடையாள அட்டையிலும் நிதிக் கணக்கிலும் பெயர் வேறு எழுத்தில் இருக்கும். நிறுவனம் மாறியபோது புதிய இலக்கம் கொடுத்து, பழைய இலக்கத்தின் பணம் தனியே கிடக்கும். தொழில்தருநர் சில மாதம் கட்டியே இருக்கமாட்டார். ஒரு மாதப் பங்களிப்பை அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். பிந்தினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் அவர் தலையில். கட்டாததற்கு முறைப்பாடு செய்ய வேலையை விடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிறுவனம் மூடப்பட்டு, கையொப்பமிடப் பணிப்பாளர்கள் இல்லாமல் போன பிறகு சம்பளச் சிட்டைதான் ஒரே சாட்சி. நியமனக் கடிதத்தோடு சேர்த்து அதை மாதாமாதம் வீட்டில் கோர்த்து வையுங்கள், அலுவலக மேசையில் அல்ல.