50 லிட்டர் பவளத் தொட்டி, மூன்றரை வருடம்: டோசிங்கை எப்போது ஆரம்பிப்பது?

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் தொட்டி. கணக்குக்கு 60 லிட்டர், கல்லும் மணலும் போக உள்ளே நிஜமாக நிற்கிற தண்ணீர் 50 லிட்டர்தான். டோசிங்கை, அதாவது பவளம் கல் கட்ட எடுத்துக்கொள்கிற கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் (தண்ணீரில் கரைந்திருக்கிற கார்பனேட்) நாமே ஊற்றி ஈடுகட்டுவதை, இதில் ஒரு தடவை ரொம்பச் சீக்கிரம் ஆரம்பித்தேன், இன்னொரு தடவை ரொம்பத் தாமதமாக. இரண்டிலும் அடி வாங்கினேன்.

முதலில் அவசரப்பட்ட கதை. தொட்டி வைத்து மூன்றாவது வாரம், உள்ளே இரண்டு மஷ்ரூம், ஒரு கொத்து சோவா (இரண்டும் மெத்தென்ற பவள வகை), நாலு நத்தை. கடையில் கால்சியம் ஒரு பாட்டில், ஆல்கலினிட்டி ஒரு பாட்டில் என்று தலையில் கட்டிவிட்டார்கள், லேபிளில் தினமும் இத்தனை மில்லி என்று போட்டிருந்தது, நானும் ஊற்றினேன். டெஸ்ட் கிட் கையில் இல்லை. பத்து நாளில் பம்ப் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே சுற்றுகிற காந்தத்தின் மேல் வெள்ளையாகச் சொரசொரப்பு, ஹீட்டர் மேலும் அதே. தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டிலின் அடியில் படியுமே, அந்தச் சுண்ணாம்புதான். வினிகரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தேய்த்து எடுத்தேன். கிட் வாங்கிப் பார்த்தால் கேஹெச் (ஆல்கலினிட்டியின் அளவு) 12.4, ரொம்ப அதிகம். மஷ்ரூமுக்கும் சோவாவுக்கும் கல் எலும்புக்கூடே கிடையாது, ஆல்கலினிட்டியை அவை தொடுவதே இல்லை என்று சொல்லலாம். சாப்பிட ஆளில்லாத வீட்டில் தினமும் ஒரு படி சோறு வடித்த கதை.

சரி என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். எட்டு மாதம் வாரம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றினேன், அவ்வளவுதான். ஒரு குறையும் இல்லை, அந்தப் பாட்டில்கள் கழுவுதொட்டிக்கு அடியில் தூங்கின.

அப்புறம் ஆசை விடவில்லை. இரண்டு தலை உள்ள ஹாமர் ஒன்று, ஒரு டங்கன். இரண்டுமே கல் கட்டுகிற பவளம். அதே சமயத்தில் பின்பக்கக் கண்ணாடியில் ஊதா நிறத்தில் கோரலைன் பாசியும் பரவியது. பார்க்க அழகுதான், ஆனால் அதுவும் கால்சியம் கார்பனேட்டைத்தான் கட்டுகிறது, பவளத்துக்குப் போக வேண்டியதில் பங்கு கேட்கிற ஆள். "வாரம் பத்து சதவீதம் மாற்றினால் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும்" என்று எல்லோரும் சொல்வதை நம்பி டெஸ்ட்டை விட்டுவிட்டேன். ஒரு நாள் ஹாமர் பாதி அளவுக்குச் சுருங்கி, ஓரத்தில் சதை விலகி வெள்ளைக் கல் எட்டிப் பார்த்தது. அளந்தால் கேஹெச் 6.2.

அந்தப் பத்து சதவீதக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. என் சால்ட்டை (கடல்நீர் தயாரிக்கிற உப்பு) கலந்தால் கேஹெச் 8 வரும். வாரத்தில் 0.7 குறைந்து 7.3க்கு வருகிறது என்று வையுங்கள். 8 உள்ள தண்ணீரைப் பத்தில் ஒரு பங்கு ஊற்றினால் 7.37 ஆகும். போன 0.7ல் திரும்பி வந்தது 0.07! வாரம் 0.1 மட்டும் குறைகிற தொட்டிகூட இப்படியே போனால் கடைசியில் 7ல் போய்த்தான் நிற்கும். ரெட் சீ கோரல் ப்ரோ மாதிரி 12 பக்கம் வருகிற சால்ட் என்றால் வாரம் 0.4 வரை 8லேயே தாங்கும், அதற்கு மேல் அதுவும் தாங்காது. ஆக, எந்த மாதம், எத்தனை பவளம் என்பதெல்லாம் கேள்வியே இல்லை, ஒரு வாரத்தில் எவ்வளவு குறைகிறது என்பதுதான் கேள்வி.

அதை நான் பார்ப்பது இப்படி. தண்ணீர் மாற்றிய மறுநாள் ஒரு தடவை, ஆறேழு நாள் கழித்து அடுத்த மாற்றத்துக்கு முன்னால் ஒரு தடவை, இரண்டும் ஒரே நேரத்தில். ஹன்னா செக்கரில் (கேஹெச் அளக்கிற சின்னக் கருவி) ஒரே தண்ணீரை இரண்டு தடவை பார்த்தாலே 0.3 வரை எனக்கு மாறியிருக்கிறது, அதனால் இரண்டு நாள் இடைவெளியில் பார்த்துவிட்டு 0.2 குறைந்துவிட்டது என்று பதறாதீர்கள். அளப்பதற்கு முன் ஆவியான தண்ணீரை ஈடுகட்டி உப்பை 35க்கு (ஆயிரத்தில் 35 பங்கு) கொண்டுவர வேண்டும். இங்கே ஃபேன் ஓடினால் நாளுக்கு ஒரு லிட்டர் காற்றில் போகிறது, ஊற்ற மறந்தால் 8 என்பது 8.16 என்று பொய் சொல்லும்.

எனக்கு வந்தது நாளுக்கு 0.1. கடைப் பாட்டிலுக்குத் திரும்பவில்லை. ஆப்பத்துக்குப் போடுகிற சோடா உப்பை (பேக்கிங் பவுடர் அல்ல, அதில் மாவும் அமிலமும் சேர்ந்திருக்கும்) ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) ஆகிவிடும். 50 லிட்டரில் ஒரு கிராம் கேஹெச்சைக் கிட்டத்தட்ட 1 உயர்த்தும். 20 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ (வடிகட்டிய) தண்ணீரில் கரைத்து, தினமும் 5 மில்லி, பம்ப் தள்ளுகிற இடத்தில் சொட்டுச் சொட்டாக. 6.2ல் இருந்து ஏற்றியபோது மட்டும் நாளுக்கு 25 மில்லி, அதாவது அரைப் புள்ளி, அதற்கு மேல் போகவில்லை.

கால்சியத்தை அப்போது தொடவே இல்லை. 2.8 கேஹெச் குறையும்போது கால்சியம் சுமார் 20 பிபிஎம்தான் குறைகிறது, 420ல் இருந்து 400க்கு வர எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அதன் பிறகு கால்சியம் குளோரைடு, ஆனால் காலையில் அது, ராத்திரி சோடா. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் திரும்பவும் அந்தக் கெட்டில் சுண்ணாம்புதான். மெக்னீசியம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன், 1300 பக்கம் இருந்தால் விட்டுவிடுவேன். அயோடின், ஸ்ட்ரான்ஷியம் பாட்டில்கள் எதுவும் வாங்கவில்லை, அளக்க முடியாததை ஊற்ற எனக்குத் தைரியம் இல்லை.

இப்போது ஹாமருக்கு ஏழு தலை, நாளுக்கு 0.3 கேட்கிறது, 15 மில்லி ஆகிவிட்டது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது 16 சிரிஞ்சு நிரப்பி, ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து அளந்தால் 7.1. "ஒண்ணும் மறக்கலயே தம்பி" என்றார் அக்கா. அலமாரியைத் திறந்தேன், மூன்று சிரிஞ்சு நிரம்பினபடியே இருந்தன.